அவசரம் இல்லை

டிராமில் ஜன்னலோரம் இடம் பிடித்து, கேக் பெட்டியை மடியில் சாயாமல் வைத்து, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிய பிறகுதான் சண்முகக்கனி போனைப் பார்த்தாள். கணவன் தவசியிடமிருந்து நாலைந்து அழைப்புகள், எதையும் அவள் எடுத்திருக்கவில்லை. அவற்றுக்குக் கீழே ஒரே ஒரு வரி: கூப்பிடு, அவசரம் இல்லை. மதியத்திலிருந்து நுண்ணோக்கி அறையில் இருந்தாள். போன் வெளியே கோட்டுப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. மரப்பட்டைகளில் ஒட்டி வளரும் பாசிகள்தான் அவள் படிப்பு. ஊரில் சால்னாவுக்கும் பிரியாணிக்கும் போடுகிற கல்பாசிக்குப் பங்காளிகள் அவை. காற்றில் அழுக்கு ஏறினால் எது முதலில் சாகும், எது தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதற்காக, அருப்புக்கோட்டையில் கல்லூரி வேலைக்கு ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு, பன்னிரண்டு வயசு மகளையும் கணவனையும் விட்டுவிட்டு, ஸ்வீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகரத்துக்கு ஆவணியில் வந்திறங்கினாள். இப்போது கார்த்திகை. மூன்று மணிக்கே வெளிச்சம் கருகத் தொடங்கிவிடுகிறது. இன்றைக்கு அவளுக்கு நாற்பத்திரண்டு முடிகிறது. கேக் அவளே வாங்கியது. இந்த ஊர் வழக்கம் அப்படி, பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லிக் கடைக்கு இழுத்துப் போனவள் எதிரே உட்கார்ந்திருக்கிற ஹிவோட். எத்தியோப்பியப் பெண், இருபத்தாறு வயசு, விடுதியில் ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொள்கிறவள். பாதாம் மாவைத் தேய்த்துப் பச்சைப் போர்வை போர்த்திய அந்தக் கேக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது, இதென்ன அம்மன் கோயில் பச்சைச் சாத்து மாதிரி என்று கனிக்குச் சிரிப்பு வந்தது. அது கால் மணி நேரத்துக்கு முன்னால் சிரித்த சிரிப்பு. இப்போது வேறு யாரோ சிரித்தது மாதிரி இருந்தது.

அவசரம் இல்லை. தவசி எழுத்துக் கூட்டி மெசேஜ் போடுகிற ஆள் இல்லையே. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனிடமிருந்து எழுத்தாக வந்ததெல்லாம் ஓகே, இல்லையென்றால் ஒரு கட்டைவிரல் படம். மற்றபடி எல்லாம் குரல்தான். டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள்ளிருந்து, பின்னால் யாரோ கிளட்ச் கேபிள் கேட்கிற சத்தத்தோடு, 'கனி, சாப்டியா' என்று ஒரு குரல் துண்டு வரும். அவன் இன்று உட்கார்ந்து எழுத்தாகத் தட்டியிருக்கிறான் என்றால் குரலில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது என்றுதானே ஆகிறது. அதிலும் இந்த வார்த்தை. அவசரம் இல்லை என்பது நம் ஊரில் அவசரத்துக்கு இன்னொரு பெயர். மதுரையில் ஹாஸ்டலில் தங்கி எம்எஸ்ஸி படித்தபோது வார்டன் அறைக்குக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தார்கள். மறுமுனையில் சித்தப்பா. 'அவசரம் ஒண்ணுமில்ல தாயி, மெதுவாக் கெளம்பி வா, அப்பாவுக்கு லேசா முடியல.' அவள் நம்பினாள். நம்பியதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று நிதானமாகப் பேரம் பேசி, முடியாத மனுஷனுக்கு நல்லது என்று கறுப்புத் திராட்சை வாங்கினாள். பஸ்ஸில் ஜன்னல் காற்றில் தூங்கக்கூடத் தூங்கினாள். தெருமுனையில் திரும்பியபோது வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு பக்கமும், வரிசையாக. திராட்சைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே அந்த நாற்காலிகளுக்கு நடுவே நடந்ததும், யாரோ ஒரு பெரியம்மா வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழும் முன்னால் அந்தப் பையை மெதுவாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டதும். இப்போது மடியில் கேக். அந்த நினைப்பு வந்ததும் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அட்டை நசுங்கியது. உடனே தளர்த்தினாள்.

கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. மணி அடிக்கிறது என்றால் போன் உயிரோடு இருக்கிறது, அது ஒரு நல்ல விஷயம், ஆனால் போன் உயிரோடு இருப்பதும் ஆள் உயிரோடு இருப்பதும் ஒன்றா என்ன. சீ, என்ன நினைப்பு இது. அவனுக்கு மூத்த அக்கா பாக்கியத்தாய், கனிக்கு மதினி, அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அவள் நம்பருக்குப் போட்டாள். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் பொறுமையாகச் சொன்னது. அங்கே இப்போது இரவுச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. கடை அடைத்திருக்க மாட்டான். கடையில் இருந்தால் போன் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், எடுத்திருப்பான். ஆகையால் கடையில் இல்லை. கடையில் இல்லையென்றால் கடை பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனுஷர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வண்டியைச் சரி பண்ண வருகிற நேரத்தில், தவசி எதற்குக் கடையைப் பூட்டினான். ஸ்கூட்டியா. பந்தல்குடி ரோட்டில் லாரிக்காரர்கள் ஓட்டுகிற ஓட்டம் தெரிந்ததுதானே. இல்லை, அவனேதான் அழைத்திருக்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்க முடியாது. அவனுடைய போனிலிருந்து வேறு யாராவது அழைத்திருந்தால்? வேறு யாரோ தட்டியிருந்தால்தானே எழுத்து வரும்? அவனுக்கு எழுத்து வராதே. போலீஸ்காரர் யாராவது, ஆஸ்பத்திரியில் யாராவது, போனைத் திறந்து மனைவி பெயரைத் தேடி, பதறிவிடப் போகிறாள் பாவம் என்று, கூப்பிடு, அவசரம் இல்லை. போலீஸ்காரர் 'கூப்பிடவும்' என்றுதானே போடுவார், 'கூப்பிடு' என்றா போடுவார் என்று அந்த நேரத்திலும் மனசு ஒரு வாத்தியாரம்மா வேலையைப் பார்த்தது. அந்த ஒரு இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் வரை தாண்டினாள்.

நேற்று பேசியபோதே ஏதோ இருந்தது. ஆம்பல் போனுக்கு வரவில்லை. மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததற்கே மதினி ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், குளத்தில கெடக்குற பூவையா பிள்ளைக்கு வைப்பாக என்று. நேற்று 'ஆம்பல் எங்கங்க' என்று கேட்டதற்கு 'தூங்கிட்டா' என்றான் தவசி. சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன தூக்கம் என்று கேட்டதற்கு 'தலைவலின்னா' என்றான். சொன்ன விதத்தில் ஒரு அவசரம். தலைவலி. மூளைக்காய்ச்சலுக்கு முதலில் வருவது தலைவலிதான். டெங்குவுக்கும். ஏன் நேற்றே தோண்டித் துருவவில்லை? ஏனென்றால் கையில் ஒரு மரப்பட்டைத் துண்டு இருந்தது, அதில் சாம்பல் நிறத்தில் இலை மாதிரி விரிந்த ஒரு பாசி இருந்தது, இதுவரைக்கும் இந்த ஊர்ப் பகுதியில் யாரும் குறிக்காததாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை இருந்தது. ஒரு பாசிக்காக. இதை யாரிடம் சொல்வது. இதைவிடக் கேவலமாக ஒன்று இருந்தது, அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. இந்த மூன்று மாசமாக நன்றாகத் தூங்குகிறாள். காலையில் யாருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம். பால் பொங்கிவிடுமே என்று ஒரு காதை அடுப்பில் விட்டுவிட்டு மற்ற காதால் பேச வேண்டாம். முதல் வாரம் அழுதாள், உண்மைதான். இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது, பசி இல்லை, வேலை இல்லை, கூப்பிட ஆள் இல்லை, மறுபடி போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். உடம்பு முழுக்க ஒரு நிம்மதி, நோய் விட்டது போல. அந்த நிம்மதிக்குத்தான் இப்போது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் பார்த்துப் பிறந்தநாளில். தெய்வத்துக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா என்ன.

"யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள் ஹிவோட். காதிலிருந்து பாட்டுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவள் எப்போதும் இப்படித்தான், கதவைத் தட்டாமல் திறக்கிறவள். கனி போனைத் திருப்பிக் காட்டி அந்த வரிக்கு அர்த்தம் சொன்னாள். அப்பாவையும் திராட்சையையும் ஒரு வாக்கியத்தில் சொன்னாள். ஹிவோட் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அப்படின்னா நல்ல செய்திதான். எங்க ஊர்ல சாவைப் போன்ல சொல்லவே மாட்டோம். சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, எல்லாரும் கூடி விடியக்காலைல உன் வீட்டு வாசலுக்கு வருவாங்க. கதவைத் திறந்தா அத்தனை பேர் நிப்பாங்க. அப்பவே தெரிஞ்சிரும். இந்த ஊர்லயும் எத்தியோப்பியாக்காரங்க அப்படித்தான் செய்யறாங்க. காலைல உன் கதவை யாரும் தட்டலையே?" கனி இல்லை என்றாள். "அப்போ யாரும் சாகலை" என்று முடிவாகச் சொல்லிவிட்டு ஹிவோட் மறுபடி பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டாள். கனிக்கு அது வேறு ஊரின் சட்டம் என்று தெரியும். இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள் ஒரு நிமிஷம் போய் ஒதுங்கி நின்றாள், மழைக்கு அடுத்தவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்பதுபோல.

ஒதுங்கி நின்ற இடத்தில்தான் அந்த இன்னொரு நினைப்பு வந்து தோளைத் தொட்டது. அதுவாக இருக்குமோ. அதுவாக இருந்தால். கிளம்புகிற அன்றைக்கு மதினி வாசற்படியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னாள்: "ஆளாகப் போற பிள்ளைய ஆம்பளை கையில விட்டுட்டுப் படிக்கப் போறாளாம் படிக்க. நாப்பது வயசுல என்ன படிப்பு." கனி பருப்புப்பொடியை இரண்டாவது கவரில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆம்பலிடம் அதற்கு முன்பே எல்லாம் சொல்லியிருந்தாள், படம் வரைந்துகூட. பீரோவில் கீழ்த்தட்டில் நாப்கின் பொட்டலங்களை வைத்து இடத்தைக் காட்டியிருந்தாள். அவள் 'தெரியும்மா, தெரியும்மா, ஸ்கூல்லயே சொல்லிட்டாங்கம்மா' என்று கூரையைப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, இருட்டில் ஒன்றே ஒன்று கேட்டாள். "மைக்செட்டு வைக்க மாட்டீங்கள்ல?" அவள் வகுப்பில் கூடப் படிக்கிற பெண்ணுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனர் வைத்தார்கள். அந்தப் பிள்ளை பட்டுப்புடவையில், தலையில் கிரீடம் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, பூப்புனித நீராட்டு விழா என்ற பெரிய எழுத்துக்குக் கீழே நிற்கிற படம். சுற்றிலும் மாமன்மார் கூலிங்கிளாஸ் போட்ட முகங்கள். அதற்கப்புறம் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டு வழியாக வருவதே இல்லை, கண்மாய்க்கரை சுற்றிப் போகிறாள் என்று ஆம்பல் சொன்னாள். 'வைக்க மாட்டோம்' என்று கனி சொன்னாள். 'நான் இருக்கிறப்போ எவன் வைக்கிறான்னு பாப்போம்' என்றும் சொன்னாள். நான் இருக்கிறப்போ. இப்போது எங்கே இருக்கிறாள்? ஒரு டிராமில், கேக்கோடு.

கனிக்கு வைத்தார்கள். பதின்மூன்று வயசில், வீட்டுக் கொல்லையில் பச்சை ஓலைக் குடிசை கட்டி, தனித் தட்டு, தனித் தம்ளர், பக்கத்தில் ஒரு இரும்பு. காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். வாயைப் பொத்தி விழுங்க வைப்பார்கள். நல்லெண்ணெய் தொண்டையில் இறங்குகிற அந்த வழுவழுப்பு இப்போதும் வாயில் வந்தது, டிராமின் சூட்டுக் காற்றையும் மீறி. மத்தியானம் உளுந்தங்களி. அது மட்டும் பிடிக்கும். தெருவில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். கூடப் படிக்கிற பையன்கள் சைக்கிளில் வேண்டுமென்றே இரண்டு தரம் போனார்கள். கணக்கு வாத்தியார் மொய்க்கவரோடு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, 'நல்லாப் படிக்கிற பிள்ளை' என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரை இனி எப்படி நிமிர்ந்து பார்ப்பது என்று சந்தனம் அப்பிய கன்னத்தோடு அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் விருதுநகரில் அறிவியல் கண்காட்சி. அவள் ஒரு வருஷமாகச் சேர்த்து, பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைத்த இலைகளை எடுத்துக்கொண்டு வேறொரு பெண் போனாள். ஆவாரைக்கு ஆடாதொடை என்றும் ஆடாதொடைக்கு ஆவாரை என்றும் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தாளாம். அப்போது யாரிடமும் கோபப்படத் தெரியவில்லை. கோபம் இருபது வருஷம் கழித்துத்தான் வந்தது, ஒரு நாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல். ஆம்பலுக்கு இப்போது அந்தக் குடிசை கட்டியிருப்பார்களோ. மதினி நினைத்தால் ஒரு மணி நேரத்தில் ஓலை வந்து இறங்கும். ஆனால் அதற்காகவா தவசி கடையைப் பூட்டுவான்? பூட்டுவானே, பந்தல்காரனைப் பார்க்கப் போக வேண்டுமே. அதுவாக இருந்தால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தை குடிசைக்குள் உட்கார்ந்து, அம்மா வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று நினைக்குமே. லாரியா, மூளைக்காய்ச்சலா, மைக்செட்டா என்று மனசு ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்து, எதையும் பிடிக்க முடியாமல், மறுபடி லாரிக்கே போனது.

போன் அடித்தது. தவசி பெயர், வீடியோ அழைப்பு. விரல் ஈரமாக இருந்ததால் முதல் தரம் தொட்டும் எடுக்கவில்லை, கோட்டில் தேய்த்துவிட்டு மறுபடி தொட்டாள். திரை முழுக்க இருட்டு, இருட்டுக்குள் ஒரு பயங்கரச் சத்தம், இரும்போடு இரும்பு மோதி, விடாமல், டங்கு டங்கென்று, யாரையோ எதற்குள்ளிருந்தோ உடைத்து எடுக்கிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது. "என்னங்க, என்னங்க ஆச்சு?" என்று கத்தினாள். டிராமில் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் ஒரு தாளத்துக்கு வந்தது. டக டக டங், டக டக டங். அட, கொத்து பரோட்டா. பரோட்டா கடை. திரையில் ஒரு பெரிய மூக்குத்தி தோன்றி, ஆடி, பின்வாங்கி, மதினியின் முகமாக ஆனது. "தெரியுதாத்தா?" என்று கேட்டாள் மதினி, யாரிடமோ. போன் கை மாறியது. ஆம்பல். வாயோரம் சால்னா. உயிரோடு, முழுசாக, வாயில் எதையோ மென்றுகொண்டு. "ம்மா! பொறந்தநாள் வாழ்த்து!"

"எங்கடி இருக்கீங்க? போன் ஏன் எடுக்கல? அப்பா எங்க?"

"அப்பா இந்தா கை கழுவப் போயிருக்காரு. உன் பொறந்தநாளுக்குத்தான் கடையச் சாத்திட்டுப் பரோட்டா வாங்கித் தர்றாரு. போன் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலேயே இருந்துருச்சு."

"அத்தை போனு?"

"அதுல என்னைக்குச் சார்ஜ் இருந்துச்சு?"

"அவசரம் இல்லைன்னு யாருடி போட்டது?"

"நான்தான். நீ பயந்துருவேன்னு."

கனி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணாடி ஐஸாக இருந்தது. ஆம்பல் எழுந்து போனோடு நடப்பது தெரிந்தது. கடையின் குழல்விளக்கு, சுவரில் சாய்ந்த சைக்கிள், ஒரு மின்கம்பம் எல்லாம் ஆடி ஆடிப் போயின. கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "ம்மா, ஒண்ணு சொல்லுவேன். சத்தம் போடக் கூடாது, அழவும் கூடாது" என்றாள். "சொல்லு" என்றாள் கனி. "வந்துருச்சு." எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் கேட்டாள், மகள் வாயால் இன்னொரு தரம் கேட்பதற்காக. ஆம்பல் கூரை இல்லாத இடத்திலும் கூரையைப் பார்த்தாள். "அதுதாம்மா. புதன்கிழமை, மூணாவது பீரியட்ல." பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், அந்தப் பெண் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், டீச்சர் ஒன்று கொடுத்திருக்கிறார். வயிறு கொஞ்சம் வலித்தது, மற்றபடி ஒன்றுமில்லை, நீ வரைஞ்சு காட்டுன மாதிரியேதான் இருந்துச்சு என்றாள். சாயங்காலம் வேன் கடை வாசலில் இறக்கிவிட்டதும் நேராக அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "அப்பா யாருக்கோ பிரேக் ஷூ எடுத்துக் குடுத்துட்டு இருந்தாரு. நான் சொன்னதும் அத அவரு கையில இருந்தே திருப்பி வாங்கி வச்சுட்டாரு. பாவம், அந்த அண்ணன் முழிச்சாரு." அப்புறம் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை, இரண்டு நாளாக ஏன் மறைத்தீர்கள் என்று கனி கேட்டபோது குரல் அவளை மீறி உடைந்தது. "இதுக்குத்தான்" என்றாள் ஆம்பல். "நீ அழுவ. டிக்கெட் போட்டுக் கெளம்பி வந்துருவ. அதுவும் போக அத்தைகூட பேசி முடிக்காம உங்கிட்டச் சொன்னா, நீ அங்க இருந்துக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சுக் கெடப்ப. பேசி முடிச்சாச்சு. மைக்செட்டு இல்ல. பேனரு இல்ல. குடிசையும் இல்ல. நேத்தும் இன்னைக்கும் ஸ்கூலுக்குப் போயிட்டேன்." பேசி முடித்தாளாம். யார், இந்தப் பன்னிரண்டு வயசா, பாக்கியத்தாய் மதினியிடமா. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற விஷயத்தில்கூடப் பதினைந்து வருஷமாகக் கனியால் பேசி முடிக்க முடியாத ஆளிடம்.

மதினியே வந்து போனை வாங்கிக்கொண்டாள். காமிராவைப் பார்க்கத் தெரியாமல் பக்கவாட்டில் எங்கோ பார்த்துப் பேசினாள். "கனி, நான் மண்டபத்துக்கெல்லாம் சொல்லிட்டேன்த்தா. உன் தம்பிக்கும் போனப் போடுறான்னு இவங்கிட்டச் சொன்னேன், தாய்மாமன் இல்லாம என்ன சடங்குன்னு. இவன் வாயத் தொறக்காம நிக்கிறான். இவதான் வந்து முன்னாடி உக்காந்தா. சண்ட போடுவான்னு பாத்தேன், போடல. 'அத்தை, உங்களுக்கு வச்சாங்கள்ல, உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா'ன்னு கேட்டா." பின்னால் பரோட்டாக் கரண்டிகள் ஓய்ந்திருந்தன. "எனக்கு வச்ச பந்தல்லதான் உங்க அண்ணனக் கொண்டாந்து உக்கார வச்சிருந்தாக, எனக்குத் தெரியாது. பந்தியில ஒருத்தரு ரெண்டு தடவ பாயாசம் வாங்கிக் குடிச்சாரு, யாருடா இந்த ஆளுன்னு நெனச்சேன். அடுத்த வைகாசியில அவருக்குத்தான் கழுத்த நீட்டுனேன். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் போகவே இல்ல. பிடிச்சிருந்துச்சான்னா, எதக் கேக்குறடி, பாயாசத்தையா, மாப்பிள்ளையா, மைக்கையான்னேன். எல்லாத்தையுந்தான் கேக்குறேன்னா. அம்பது வயசு தாண்டியாச்சு, இத ஒரு ஆளு எங்கிட்டக் கேட்டதில்லத்தா." கனி "மதினி" என்றாள். மதினி அவளைப் பேச விடவில்லை. "நீ வந்தப்பறம் வீட்டுக்குள்ளேயே தண்ணி ஊத்தி, ஒரு பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, நாலு பேருக்குச் சோறு போடுவோம். அதுக்கு ஒத்துக்கிட்டா. களி மட்டும் விட மாட்டேன்னுட்டேன், தெனம் கிண்டிக் குடுக்குறேன். அது எலும்புக்கு. நீ படிப்ப முடிச்சிட்டே வா, இடையில ஓடி வராத. வீட்ட நாங்க பாத்துக்கிடுறோம்." சொல்லிவிட்டு, அவ்வளவு சொன்னது கூச்சமாகப் போயிற்றோ என்னவோ, "அந்த ஊரு என்ன இம்புட்டு இருட்டா இருக்கு, கரண்டு இல்லையா?" என்று கேட்டாள்.

கடைசியில் தவசி. கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். "கனி, மெடிக்கல்ல போய் நின்னா எந்த சைஸுங்கிறான். எனக்கென்ன தெரியும், வண்டின்னா மாடலச் சொல்லிருவேன். மூணு தினுசும் குடுய்யான்னு வாங்கிட்டு வந்தேன். பேப்பர்ல சுத்துறேன்னான், வேணாம், அப்படியே குடுன்னுட்டேன். சரிதான?" "சரிதாங்க" என்றாள் கனி. "பீரோவுல இருந்துச்சே, கீழ்த்தட்டுல." "அப்படியா? அவ சொல்லவே இல்லயே" என்று அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். ஆம்பல் திரைக்குள் தலையை நீட்டி, "அப்பாவே ஆசையாப் போனாரு, நான் என்னத்தச் சொல்ல" என்றாள். பிறகு, "சரிம்மா, வைக்கட்டா? திங்கக்கிழமை டெஸ்டு இருக்கு, பாதிதான் படிச்சிருக்கேன்" என்றாள். எப்போதும் அழைப்பை முடிப்பது கனிதான். மகள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுப்பாள், கனிதான் சரிடா தங்கம், வகுப்புக்கு நேரமாச்சு என்பாள். இன்று பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதே திரை அணைந்துவிட்டது. அணைந்த திரையில் அவள் முகம், மூக்கு சிவந்து, கம்பளித் தொப்பி ஒருபக்கமாகச் சரிந்து. எங்கோ ஒரு சின்ன இடத்தில் சுருக்கென்றது. மகளின் அந்தப் புதன்கிழமை இனி எப்போதும் இவள் இல்லாத புதன்கிழமைதான், அதை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்தச் சுருக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் உடம்பு அவிழ்ந்துகொண்டிருந்தது, தோள், முழங்கால், பூட்ஸுக்குள் மடங்கிக் கிடந்த விரல்கள் என்று ஒவ்வொன்றாக. தன் கையாலேயே எல்லாம் நடக்க வேண்டும், தான் நகர்ந்தால் பால் பொங்கிவிடும் என்று இத்தனை வருஷம் நின்ற நிற்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. பால் பொங்கவில்லை. யாரோ அடுப்பைக் குறைத்துவிட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டு வெளியே வந்தன.

டிராம் நின்றிருந்தது. சுற்றிலும் பார்த்தாள், ஒருவரும் இல்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்து, கடைசி நிறுத்தம், ஒரு கரும்பாறைக்கும் வெறும் மரங்களுக்கும் நடுவில். "நீ பேசிட்டு இருந்த, நான் இறங்கச் சொல்லல" என்றாள் ஹிவோட். ஓட்டுநர் அம்மா பிளாஸ்க்கோடு நடந்து வந்து, ஏதோ கேட்டாள். ஹிவோட் கேக் பெட்டியைக் காட்டிப் பதில் சொன்னாள். அந்த அம்மா சிரித்து, உட்காருங்கள், கொஞ்ச நேரத்தில் இதே வண்டி திரும்பும் என்று கையாலேயே சொன்னாள். ஹிவோட் பெட்டியைத் திறந்தாள். ஒரு பக்கம் நசுங்கி, பச்சைப் போர்வையில் கனியின் விரல் பதிந்த பள்ளங்கள் இருந்தன. கத்தி இல்லை. டிராம் பாஸ் அட்டையைத் துடைத்து அதாலேயே வெட்டினார்கள். ஓட்டுநர் அம்மா ஒரு துண்டைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, இரண்டு வரி ஏதோ பாடிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். "இப்போ சொல்லு, என்ன ஆச்சு?" என்றாள் ஹிவோட். கனி யோசித்தாள். என் மகள் பெரியவளாகிவிட்டாள் என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் அது வெறும் பெரியவளாகிவிட்டாள் என்று மட்டும்தான் இருக்கும். அப்படியே சொன்னாள். "எல்லார் மகளும் பெரியவளாத்தான் ஆவாங்க" என்றாள் ஹிவோட். "ஆமா" என்றாள் கனி. கிரீமும் பாதாமும் நாக்கில் கரைந்தன. காலையில் ஒரு காபி குடித்ததோடு சரி, அதற்கப்புறம் எதுவும் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பசி வயிற்றை முறுக்கிக்கொண்டு எழுந்தது, கடப்பாரையை முழுங்கினாலும் செரிக்கிற பசி. விரலை நக்கிவிட்டு, காகிதத்தை மறுபடி நீட்டினாள்.

"இன்னொன்னு வெட்டு, ஹிவோட். பெருசா வெட்டு."